சாயமும் சாவும்: திருப்பூர்ப் பள்ளிகளில் ஓர் ஆங்கிலச் சொல்லிணையைக் கற்பித்தல் குறித்து

ஆங்கிலத்தில் ஒலிப்பால் ஒன்றாகவும் எழுத்தால் வேறாகவும் நிற்கும் சொற்கள் பல உள. ஒலியொப்புச் சொற்கள் எனப்படும் இவற்றைப் பள்ளிகளில் கற்பிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. குழப்பந்தரும் சொற்கள் என்னும் தலைப்பின்கீழ் இரண்டிரண்டாக நிரல்படுத்தி, எதிரே பொருள் எழுதி, மனப்பாடம் செய்விப்பதே அது. எல்லா ஊருக்கும் எல்லா இணைக்கும் இம்முறை ஒருபடித்தாகப் பொருந்தும் என்னும் நம்பிக்கை மறுபரிசீலனைக்கு உரியது. திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியில் பயிலும் பிள்ளைகளுக்கு ஓர் இணை, பிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாத நெருக்கத்துடன் வந்து சேர்கிறது. அவ்விணையை முன்னிறுத்திச் சில கருத்துகளைச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

துணிக்குச் சாயமேற்றுதலைக் குறிக்கும் டையிங் ஒன்று. உயிர் நீங்கும் நிலையைக் குறிக்கும் டையிங் மற்றொன்று. தமிழெழுத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வழியில்லை. ஆங்கிலத்தில் முன்னது டி, ஒய், இ, ஐ, என், ஜி என ஆறெழுத்து. பின்னது இடையிலுள்ள இ நீங்கிய ஐந்தெழுத்து. தெளிவு கருதி இங்கே முன்னதைச் சாயச்சொல் என்றும் பின்னதைச் சாவுச்சொல் என்றும் வழங்குவோம்.

திருப்பூரில் டையிங் என்பது ஆங்கிலச் சொல் அன்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நூல் வாங்கி, நிட்டிங்கில் துணியாக்கி, பிளீச்சிங்குக்கோ டையிங்குக்கோ அனுப்பி, காம்பாக்டிங் முடித்துக் கொணர்ந்து, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பனியன் தொழிலின் படிநிலைகள் அமைகின்றன. இவ்வரிசையில் தையல் ஒன்றே தமிழ்ப் பெயருடன் தப்பி நிற்கிறது. ஏனையவை ஆங்கில வினையடியிலிருந்து வந்த இங் ஈற்றுப் பெயர்கள். ஆயினும் இவை வினையாக வழங்குவதில்லை. வேற்றுமையுருபு ஏற்று, இடப்பெயராகவும் தொழிற்பிரிவின் பெயராகவும் நிற்கின்றன. “எங்கப்பா டையிங்குக்குப் போறாங்க” என்று ஒரு குழந்தை சொன்னால் அங்கே டையிங் என்பது ஓர் ஆலை, ஒரு முகவரி, தந்தை மாலையில் வீடு திரும்பும்போது கைவிரல் நகங்களில் ஒட்டிவரும் நிறத்தின் ஊற்று. நான்காம் வேற்றுமை ஏற்ற பெயர்ச்சொல் அது. அக்குழந்தையின் தாய்மொழிச் சொற்களஞ்சியத்தில், பள்ளிக்கு வருமுன்பே, தெளிவான பொருளுடன் அமர்ந்துவிட்டது.

அயன்மொழிச் சொல் தமிழெழுத்தோடு பொருந்தி வருதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்த நெறி. வடசொல்லுக்கு அவர் சொன்னதை இன்றைய ஆங்கிலச் சொல்லுக்கு விரித்துக் கொண்டால், டையிங் அந்நெறிப்படி தமிழாகிவிட்ட சொல்லே. மொழிமுதல் வாராத டகரத்தைத் தலையில் தாங்கிக்கொண்டே அது தமிழாகியிருக்கிறது என்பது வேறு செய்தி. நம் நோக்கிற்கு இன்றியமையாதது, இச்சொல் தமிழுக்குள் நுழைந்தபோது ஒரு பொருளுடன் மட்டுமே நுழைந்தது என்பதுதான். சாதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் திருப்பூர்த் தமிழ் கடன் வாங்கவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. ஆகவே வகுப்பறைக்கு வெளியே இக்குழந்தைக்குக் குழப்பம் ஏதுமில்லை. குழப்பத்தை உண்டாக்குவது வகுப்பறை.

அது எவ்வாறு உண்டாகிறது என்பதை நுணுகி நோக்க வேண்டும். பிள்ளைகள் சாயச்சொல்லை எழுதும் இடத்தில் இ எழுத்தை விட்டுவிடுவது பரவலாகக் காணப்படும் பிழை. நம் நாட்டு நகரங்களின் பெயர்ப்பலகைகளில் பெரியவர்களே இப்பிழையை எழுதி வைத்திருப்பதும் அரிய காட்சியன்று. இதனைக் கவனக்குறைவு எனக் கொண்டு பத்துமுறை எழுதுமாறு இம்போசிஷன் கொடுப்பது வழக்கம். ஆனால் இப்பிழைக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று செவிவழி. இரு சொற்களும் ஒரே ஒலியாதலின் எது முதலில் எழுதப் பழக்கமாயிற்றோ அதுவே கைக்கு வரும். மற்றொன்று விதிவழி. ஒலியாத இ எழுத்தில் முடியும் வினையோடு இங் சேரும்போது அந்த இ கெடும் என்று ஆசிரியரே கற்பித்திருக்கிறார். மேக் என்பது மேக்கிங் ஆகும். டான்ஸ் என்பது டான்சிங் ஆகும். இவ்விதியை நன்கு கற்ற பிள்ளை, டி, ஒய், இ என்னும் சாய வினையோடு இங் சேர்க்கும்போது இ எழுத்தைக் கெடுத்தே எழுதும். விதியை மறந்த பிள்ளையைவிட விதியை நினைவில் வைத்த பிள்ளையே இங்கே தவறிழைக்க வாய்ப்பு மிகுதி. இருவர் விடைத்தாளிலும் ஒரே சிவப்புக் கோடு விழுகிறது. இதனைக் கற்பித்தல் என்று சொல்ல என்னால் இயலவில்லை.

சிக்கல் இத்துடன் நிற்கவில்லை. வினையடியில் நோக்கினால் இரண்டு சொற்களும் வேறோர் எழுத்தால் பிரிகின்றன. சாய வினை டி, ஒய், இ. சாவு வினை டி, ஐ, இ. இறந்தகாலத்திலும் அவ்வேறுபாடே தொடர்கிறது. ஒய் வந்தால் துணி, ஐ வந்தால் உயிர் எனப் பிள்ளை ஒரு அடையாளத்தைப் பற்றிக்கொள்கிறது. அது நல்ல அடையாளமும்கூட. இங் சேர்ந்தவுடன் அடையாளம் இடம்பெயர்கிறது. ஐ, இ என முடியும் வினைகள் இங் ஏற்கும்போது அவ்விரண்டும் கெட்டு ஒய் தோன்றும் என்பது விதி. டை கட்டுதலைக் குறிக்கும் வினையும், பொய் சொல்லுதல், படுத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் லை என்னும் வினையும் அவ்வாறே திரியும். சாவு வினையும் அக்குடும்பத்தைச் சார்ந்தது. ஆகவே இதுவரை துணிக்கே உரியதாயிருந்த ஒய் இப்போது சாவிலும் வந்து அமர்கிறது. இரண்டையும் பிரிக்கும் பொறுப்பு ஒலியே இல்லாத ஓர் இ எழுத்தின்மேல் விழுகிறது. பொருள்நிரல் மட்டும் தரும் பாடத்தில் இந்த இடப்பெயர்ச்சி சொல்லப்படுவதில்லை. பிள்ளை நம்பிப் பிடித்த கயிறு கையிலேயே அறுந்துபோவது யாருக்கும் தெரிவதில்லை.

தமிழில் சாதல் வினைதான் ஒழுங்கு மீறுவது. சா என்னும் அடி சாகிறான் என நிகழ்காலத்திலும் செத்தான் என இறந்தகாலத்திலும் உருமாறி நிற்கும். ஆங்கிலத்திலோ சாவு வினை தன் குடும்ப விதிக்கு அடங்கி நடக்கிறது. சாய வினையே விதிவிலக்கு. இவ்வொப்பீடு நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும், சிரிப்பையும் தரும்.

விதிவிலக்கு ஏன் வந்தது என்னும் வினாவிற்கு விடை உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் தயக்கம் தேவையில்லை. இவ்விரு சொற்களும் வேறுவேறு மூலத்தின. சாயச்சொல் பழைய ஆங்கிலத்திலேயே நிறத்தைக் குறித்து வழங்கிய சொல்லின் வழி வந்தது. சாவு வினையைப் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்ததாக மொழிநூலார் கொள்வர். ஒலி ஒன்றாகிப் போனபின் எழுத்தும் நெடுங்காலம் கலந்தே கிடந்தது. 1755இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் இரண்டையும் ஐ இட்டே எழுதினார். அவருக்குச் சற்று முற்பட்ட ஜோசப் அடிசன் இரண்டையும் ஒய் இட்டு எழுதினார். இன்றைய வேறுபாடு உறுதிப்பட்டது 19ஆம் நூற்றாண்டில்தான். திருப்பூர்ப் பிள்ளை இன்று எழுதும் கலப்பை, ஆங்கிலத்தின் பேரறிஞர்களே ஒருகாலத்தில் பிழையெனக் கருதவில்லை. இவ்வேறுபாடு காதிற்காக ஏற்பட்டதன்று. படிப்பவர் கண்ணிற்காக ஏற்படுத்திக்கொண்டது. இதனைச் சொன்னால் மொழியின் மதிப்பு குறைந்துவிடாது. எழுத்துமுறை என்பது மனிதர் கூடி வகுத்த ஏற்பாடு என்னும் தெளிவு பிள்ளைக்குக் கிடைக்கும். அச்சம் ஓரளவு குறையும்.

இதே துறையில் துணையாக வரத்தக்க இன்னொரு சொல்லும் இருக்கிறது. துணியின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளைத் தீயில் வாட்டி நீக்கும் முறைக்குச் சிஞ்சிங் என்று பெயர். இங்கும் இ எழுத்து கெடாமல் நிற்கும். கெட்டால் அது பாடுதலைக் குறிக்கும் சிங்கிங் ஆகிவிடும். ஆனால் இங்கே இ எழுத்து ஒலியையும் காக்கிறது. சாயச்சொல்லில் அது கண்ணுக்கு மட்டும் காவல். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால், ஓர் எழுத்து ஒரு சொல்லில் ஏன் தங்குகிறது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம் என்பது விளங்கும்.

இனித் தமிழ்வகுப்பிற்கு வருவோம். ஒலி ஒன்று, எழுத்து வேறு என்னும் நிலை தமிழ்ப் பிள்ளைக்குப் புதியதன்று. மயங்கொலிச் சொற்கள் நம் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. ஆற்றின் ஓரமும் வேட்டியின் ஓரமும் கரை. துணியில் படிவது கறை. நெசவுக்கு உரியது தறி. உடுத்திக்கொள் என்னும் பொருளது தரி. நூலின் ஒரு புரி இழை. மரத்தில் தழைப்பது இலை. உடல் மெலிவது இளை. ரகர றகர வேறுபாடு இன்றைய கொங்குப் பேச்சில் பெரிதும் கேட்பதில்லை. கரையையும் கறையையும் ஒன்றாகவே ஒலித்து வேறாக எழுதக் கற்ற பிள்ளை, சாயச்சொல்லையும் சாவுச்சொல்லையும் எதிர்கொள்ளும் அறிவுப் பயிற்சியை ஏற்கெனவே பெற்றிருக்கிறது. தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் இரு மொழியும் கற்பிக்கிறார். ஆயினும் தமிழ்ப்பாட வேளையில் பெற்ற திறன் ஆங்கிலப்பாட வேளையில் அழைக்கப்படுவதில்லை. மணி அடித்தவுடன் புத்தகத்தோடு அதுவும் பைக்குள் போய்விடுகிறது.

இரு மொழிகளின் நிலையும் முற்றும் ஒன்றே எனக் கொள்ளுதல் தவறு. தொல்காப்பியர் பிறப்பியலில் றகரத்தை னகரத்தோடும் ரகரத்தை ழகரத்தோடும் சேர்த்து, நாநுனியின் தொழிலால் பிரித்துக் காட்டுகிறார். மேல்நோக்கி எழும் நாநுனி அண்ணத்தை ஒற்றப் பிறப்பது றகரம். வருடப் பிறப்பது ரகரம். இரண்டும் தனித்தனி ஒலிகளாகவே இருந்தன. பிற்காலப் பேச்சு அவற்றை இணைத்தது. எழுத்து பழைய ஒலியின் நினைவைக் காத்து நிற்கிறது. ஆங்கிலச் சாயச்சொல்லில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. அங்கே எழுத்து வேறுபாடு பிற்காலத்தில் வகுக்கப்பட்டது. ஒப்பிட்டுக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

தமிழிலக்கணம் தரும் மற்றொரு கருவி இதனினும் பயனுடையது. கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் இரு வகையாகப் பகுப்பார்: வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது. மா காய்த்தது எனின் மரம் என்பது தெளிவு. மா விழுந்தது எனின் மரமோ விலங்கோ எனும் ஐயம் நிற்கும். முன்னதில் வினை ஐயத்தைத் தீர்க்கிறது. தீர்க்கும் வாயில்களாக வினையோடு இனத்தையும் சார்பையும் அவர் கூட்டிச் சொல்கிறார். இந்நெறி இன்றும் உயிரோடு இயங்குவதற்கு டை என்னும் சொல்லே சான்று. தமிழ் டகரம் ஒலிப்புடை ஒலிக்கும் ஒலிப்பிலா ஒலிக்கும் பொதுவாதலின், கழுத்தில் அணிவதும் தலைமுடிக்குப் பூசுவதும் எழுத்தில் டை என்றே அமைகின்றன. ஆயினும் குழம்புவார் இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளை டை கட்டுகிறது. நரை கண்ட தாத்தா டை அடிக்கிறார். கட்டு, அடி என்னும் வினைகள் பொருளைப் பிரித்துவிடுகின்றன. இலக்கணம் பயிலாத நாவே இலக்கண நெறியைப் பின்பற்றுகிறது.

இதனை ஆங்கிலச் சொல்லிணைக்கு ஏற்றிப் பார்க்கலாம். சாய வினை செயப்படுபொருள் குன்றா வினை. சாவு வினை செயப்படுபொருள் குன்றிய வினை. ஆகவே எழுதுமுன் பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுதான்: எதை? எதைச் சாயமேற்றினார் என்றால் துணியை, நூலை என விடை வரும். சாவுச்சொல்லுக்கு அவ்வினா பொருந்தாது. யார், எது என்னும் வினாக்களே பொருந்தும். எதை என்னும் வினாவிற்கு விடை உண்டானால் இ எழுத்தும் உண்டு. விடை இல்லையேல் இ எழுத்தும் இல்லை. டையிங் ஆலை என்பதுபோல் பெயரடையாக வரும் தொடர்களில் வினா நேரே செல்லாது. அங்கே என்ன செய்யும் ஆலை என ஒரு படி விரித்துக் கேட்க வேண்டும். அவ்விரிவும் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாததன்று. குன்றிய, குன்றா என்னும் கலைச்சொற்களைத் தேர்வுக்காக மட்டும் கற்று மறந்துபோவதற்கு மாறாக, வேற்றுமொழியில் எழுத்துப்பிழை தவிர்க்கப் பயன்படுத்தும் வாய்ப்பு இங்கே வாய்க்கிறது. தமிழிலக்கணம் எதற்குப் பயன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோர்க்கும் இதைவிட நேரடியான விடை ஒன்றை நான் கண்டதில்லை.

எப்போது கற்பிப்பது என்பது அடுத்த வினா. ஒத்த சொற்களை ஒரே வேளையில் ஒன்றாகப் புதிதாய்க் கற்பித்தால் அவை ஒன்றையொன்று இடறும் என்பதை மொழிக்கல்வி ஆய்வுகள் உணர்த்தியுள்ளன. பொருளால் நெருங்கிய சொற்களைத் தொகுதியாகக் கற்போர், தொடர்பற்ற சொற்களைக் கற்போரைவிட இடர்ப்படுகின்றனர் என்று தாமஸ் டிங்கம் 1993இல் காட்டினார். சப்பானிய மாணவரிடையே ராப் வேரிங் 1997இல் அவ்வாய்வைத் திரும்பச் செய்து ஒத்த முடிவையே கண்டார். இவ்வாய்வுகளைக் கருத்திற்கொண்டு, ஒத்த சொற்களில் ஒன்று நன்கு வேரூன்றிய பின்னரே மற்றதை அறிமுகம் செய்க என்று பால் நேஷன் 2000இல் அறிவுறுத்தினார். வடிவால் மயங்கும் சொற்களைப் பட்யா லாஃபர் தனியே ஆராய்ந்திருக்கிறார். குழப்பந்தரும் சொற்கள் என இரண்டையும் ஒரே பலகையில் ஒரே நாளில் எழுதிக் காட்டும் நம் வழக்கம், குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியாகத் தொடங்கிக் குழப்பத்தையே ஊன்றிவிடக்கூடும்.

இவ்வறிவுரையைத் திருப்பூருக்கு ஏற்றினால் வியப்பான முடிவு கிடைக்கிறது. பொதுவான பாடநிரலில் சாவு வினை முதலில் வரும். அது மிகுவழக்குடைய வினை. சாய வினை பின்னர் எங்கேனும் ஒரு மூலையில் வரும். ஆனால் திருப்பூரிலும், அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம் போன்ற பகுதிகளிலும் வேரூன்றி நிற்பது சாயச்சொல். பிள்ளையின் வாயில் நாள்தோறும் புழங்குவது அதுவே. எழுத்து வடிவம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆகவே இங்கே சாயச்சொல்லின் ஆறெழுத்தை முதலில் கற்பித்து, அது கைக்குப் பழகியபின், ஒரு பருவம் கழித்தேனும் சாவுச்சொல்லைக் கற்பித்தல் தகும். நாகப்பட்டினத்திலோ தருமபுரியிலோ இவ்வரிசை பொருந்தாது. அங்கே மறுதலையே இயல்பு. மாநிலம் முழுமைக்கும் ஒரே பாடநூல் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாடநூலின் வரிசையே கற்பித்தலின் வரிசை என்று கொள்ளும் அளவிற்கு ஆசிரியரின் கை கட்டப்பட வேண்டியதில்லை.

கற்பித்தல் உத்தி என்னும் பெயரில் ஒரு தீமை நேர்ந்துவிடக் கூடும் என்னும் அச்சத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். இவ்விரு சொற்களையும் ஒரே தொடரில் அமைத்துச் சிலேடையாக்குதல் எளிது. சாயத்தால் ஆறு சாகிறது என்னும் பொருளில் ஆங்கிலத் தொடர் ஒன்றை யாரும் நொடியில் புனைந்துவிடலாம். நினைவில் நிற்கும் என்று கருதி அதனைப் பலகையில் எழுதத் தோன்றும்.

அத்தொடருக்குப் பின்னால் உள்ள செய்தி பொய்யன்று. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல், சாயக்கழிவால் பாழ்பட்டது உலகறிந்தது. பாசனத்திற்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர் தேங்கும் குளமாக மாறி, நீரைத் திறந்துவிடுவதே உழவர்க்குத் தீங்கு என்னும் நிலை வந்தது. பாசன உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 சனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ப் பகுதியின் சாய, வெளுப்பு ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு துளியும் வெளியேற்றாத முறையை நிறைவேற்றிய பின்னரே ஆலைகள் மீண்டும் இயங்க முடிந்தது. கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கிய தொழிலாளர்கள் நச்சுவளி தாக்கி உயிரிழந்த நிகழ்வுகளும் இப்பகுதியில் நேர்ந்துள்ளன. சாயமும் சாவும் இவ்வூரில் உண்மையாகவே ஒருங்கு நின்ற காலம் உண்டு.

எனினும் அச்சிலேடை இவ்விணைக்கு ஏற்ற கற்பித்தல் கருவி அன்று. முதலாவது, பிரித்தறிய வேண்டிய இரண்டை அது ஒன்றோடொன்று பிணைக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகளின்படி அது எதிர்விளைவையே தரும். அடுத்தது அதனினும் முதன்மையானது. வகுப்பில் நாற்பது பேர் அமர்ந்திருந்தால் அவர்களுள் சிலர் டையிங்கில் வேலை செய்வோரின் பிள்ளைகள். உன் தந்தை செய்யும் தொழில் ஆற்றைக் கொன்றது என்னும் குற்றச்சாட்டு, எழுத்துப் பயிற்சியின் வடிவில், மறுமொழி சொல்ல இடமில்லாத ஒரு பிள்ளையின்மேல் ஏற்றப்படுகிறது. தொட்டியில் இறங்கி உயிர்விட்டவர் யாரேனும் உறவில் இருப்பின் அத்தொடர் வேறு விதமாகவும் தைக்கும். 2011இல் ஆலைகள் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களும் தொழிலாளர்களே. ஆற்றின் கதையைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டும் என்பதன்று என் கருத்து. அது அறிவியல் பாடத்திலும் சமூக அறிவியல் பாடத்திலும், உழவர், தொழிலாளர், முதலாளி, அரசு, நீதிமன்றம் ஆகிய அனைத்துத் தரப்பும் இடம்பெற, முழுமையாகச் சொல்லப்பட வேண்டிய கதை. ஐந்து சொற்களால் ஆன ஒரு சிலேடைக்குள் அடைத்து, எழுத்துப்பிழை திருத்தும் கருவியாக அதனைச் சிறுமைப்படுத்துதல் ஆகாது.

இவ்வளவு முயற்சி ஓர் எழுத்துக்காகவா என்று கேட்கலாம். சூழலை நோக்கினால் பொருள் தானே விளங்கும் என்பது பெரும்பாலும் உண்மைதான். சாய ஆலையின் பெயர்ப்பலகையில் இ எழுத்து விடுபட்டதால் அங்கே இறுதிச்சடங்கு நடப்பதாக யாரும் கருதப் போவதில்லை. கைப்பேசி திருத்திக்கொள்ளும் என்பது அவ்வளவு உண்மையன்று. இரண்டும் அகராதியிலுள்ள சொற்களாதலின், எழுத்துத் திருத்தி பல வேளைகளில் பிழையைப் பிழையென உணராமலே கடந்து போகும். நான் இவ்விணைக்கு இவ்வளவு இடம் தருவது குழப்பத்தின் அளவைக் கருதி அன்று. வெளிநாட்டு வணிகரோடு ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து நடக்கும் ஊர் இது. அவ்வூரின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை, தன் வீட்டுச் சொல் ஒன்று ஆங்கில அகராதியிலும் உரிய எழுத்தோடு இருக்கிறது என்று காணும் முதல் வாய்ப்பு இதுவாக இருக்கலாம். அவ்வாய்ப்பு சிவப்புக் கோட்டில் முடிய வேண்டியதில்லை.

பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் இன்று இப்பகுதிப் பள்ளிகளில் பயில்கின்றனர். சாயமேற்றுதலுக்கு இந்தியில் ரங்காயி என்று சொல் உண்டு. ஆயினும் ஆலை வாயிலில் அவர்களும் கேட்பது டையிங் என்றே. தமிழ்ப் பிள்ளையும் இந்திப் பிள்ளையும் ஒரே பொருளில் அறிந்த சொற்களை எண்ணினால் அவற்றுள் கணிசமானவை பனியன் தொழிலின் இங் ஈற்றுச் சொற்களாகவே இருக்கும். தேவநாகரியிலும் இவ்விரு சொற்களை ஒன்றாகவே எழுத நேரும். ஆகவே இவ்விணையில் தமிழ்ப் பிள்ளைக்கு இந்திப் பிள்ளையைவிட மேம்பாடோ தாழ்வோ இல்லை. இருவரும் ஒரே கோட்டிலிருந்து தொடங்குகின்றனர். அத்தகைய பாடங்கள் அவ்வகுப்புகளில் மிகச் சிலவே.

ஆங்கிலச் சொல்லைப் பற்றிய இவ்வுரை தமிழ்த்துறையின் ஆய்விதழில் ஏன் என்னும் வினாவும் எழலாம். டையிங் முதலிய சொற்கள் தமிழ் வேற்றுமையேற்றுத் தமிழ்த் தொடரில் வழங்கும்வரை அவற்றை ஆராய வேண்டிய பொறுப்பு தமிழ்த்துறையினுடையதே. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொழில்வழிச் சொற்களைத் தொகுக்கும் பணியைத் தொடங்கி, 1962இல் வேளாண் சொற்களையும் 1971இல் கைத்தறிச் சொற்களையும் வட்டார வேறுபாடுகளுடன் தொகுத்தளித்தார். கொங்கு வட்டாரச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் தொகுத்த அகராதி இருக்கிறது. பின்னலாடைத் தொழிலின் பேச்சுமொழிக்கு அத்தகைய முறையான தொகுப்பு வேண்டும். திருப்பூர், கோயம்புத்தூர்க் கல்லூரிகளின் தமிழ் முதுகலை மாணவர்களுள் பலர் இத்தொழிற் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். சொல் சேகரிக்க அவர்கள் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. கைமடி, செக்கிங், பவர்டேபிள், ஓவர்லாக் என ஒவ்வொரு சொல்லும் யாரால், எப்பிரிவில், எவ்வேற்றுமையோடு, எவ்வினையோடு வழங்குகிறது என்பதைப் பதிவு செய்தால் அத்தொகுப்பு தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் கைந்நூலாகும்.

அவ்வகராதியில் டையிங் என்னும் பதிவு பெயர்ச்சொல் என்றே தொடங்கும். சாயமேற்றும் ஆலை என்னும் இடப்பொருள் முதலிலும், சாயமேற்றும் தொழில் என்பது அதனையடுத்தும் வரும். போ, கொடு, அனுப்பு, வா என அதனோடு வரும் வினைகள் நிரல்படும். மூல ஆங்கிலச் சொல்லின் ஆறெழுத்தும் எழுத்துப் பெயர்களோடு குறிக்கப்படும். சாதல் என்னும் பொருள் அங்கே இடம்பெறாது. திருப்பூர்த் தமிழில் அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை.